காற்றின் வேகத்தை ஒலியால் அளக்கும் கருவி: கொல்லிமலை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொல்லிமலையில் மழையை அளப்பது எளிது. ஒரு மழைமானியை வெட்டவெளியில் வைத்தால் போதும். காற்றை அளப்பது அப்படியல்ல. காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வந்தால், மேட்டில் உள்ள மிளகுத் தோட்டத்தில் ஒரு காற்று, பள்ளத்தில் உள்ள வாழைத் தோட்டத்தில் இன்னொரு காற்று. ஆடி மாதத்தில் ஒரு வரப்பு தாண்டினாலே வேகம் மாறும்.

முன்பெல்லாம் காற்றின் வேகம் நமக்குத் தேவைப்படாத கணக்காக இருந்தது. இன்று அப்படியில்லை. மருந்து தெளிக்கும் நேரம், வாழைக்கு முட்டுக் கொடுக்கும் நாள், பாசன நீரின் அளவு என எல்லாவற்றுக்கும் காற்றின் வேகம் வேண்டும். வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் இழப்பீட்டையே இந்த எண் தீர்மானிக்கிறது. மகாராஷ்டிராவின் ஜல்கானில் வாழைக்கு உள்ள வானிலைக் காப்பீட்டில் பலத்த காற்றும் ஓர் இழப்புக் காரணியாகச் சேர்க்கப்பட்டுள்ளது. வட்டாரத்துக்கு ஒரு தானியங்கி வானிலை நிலையம், ஊராட்சிக்கு ஒரு தானியங்கி மழைமானி என்ற நோக்கத்தில் மத்திய அரசு 2023-ல் 'விண்ட்ஸ்' என்ற திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்து, வட்டார வாரியாக முன்னறிவிப்பு தருகிறது.

இத்தகைய நிலையங்களில் இப்போது சுழலும் கிண்ணங்களுக்குப் பதிலாக 'அல்ட்ராசோனிக்' சென்சார்கள் அதிகம் வருகின்றன. இவை எப்படி வேலை செய்கின்றன, எந்த வேகம் வரை சரியாக அளக்கும், அந்த எல்லையை எப்படிக் கூட்டுகிறார்கள், நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கிண்ணக் காற்றுமானியில் என்ன குறை?

மூன்று கிண்ணங்கள் சுற்றும் காற்றுமானியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உறுதியான கருவிதான். உலகில் இதுவரை பதிவான மிக வேகமான சூறாவளிக் காற்று, 1996 ஏப்ரல் 10 அன்று ஆஸ்திரேலியாவின் பேரோ தீவில் வீசிய மணிக்கு 408 கிலோமீட்டர் காற்று. அதை அளந்ததும் கிண்ணக் காற்றுமானிதான். ஆனால் மலைத் தோட்டத்தில் இதற்கு மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலாவது, மெல்லிய காற்றில் இது சுற்றாது. புதிய கருவிக்கே மணிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பேரிங் தேய்ந்தாலோ தூசி புகுந்தாலோ அதைவிட அதிகம் வேண்டும். அதுவரை பூஜ்யம் என்றே காட்டும்.

இரண்டாவது, விட்டு விட்டு வீசும் காற்றில் கிண்ணம் வேகமாகச் சுற்றத் தொடங்கும், ஆனால் மெதுவாகவே நிற்கும். அதனால் சராசரி வேகம் கொஞ்சம் கூடுதலாகப் பதிவாகும்.

மூன்றாவது, பேரிங்கை அவ்வப்போது மாற்ற வேண்டும். அதற்கு ஆள் மலையேறி வர வேண்டும். வராவிட்டால் கருவி தவறாக அளந்துகொண்டே இருக்கும்.

அல்ட்ராசோனிக் சென்சார் எப்படி அளக்கிறது?

மாட்டுக்கும் மனிதருக்கும் ஸ்கேன் எடுக்கப் பயன்படும், காதுக்குக் கேட்காத ஒலிதான் இங்கும் வேலை செய்கிறது. ஸ்கேனில் ஒலியின் அதிர்வு இதைவிட மிக அதிகம். காற்று சென்சாரில் வினாடிக்கு 40,000 அதிர்வு அளவிலான ஒலி பரவலாகப் பயன்படுகிறது. சென்சாரில் எதிரெதிரே இரண்டு முனைகள் இருக்கும். ஒன்று ஒலியை அனுப்பும், மற்றது வாங்கும். உடனே இரண்டாவது அனுப்பும், முதலாவது வாங்கும்.

காவிரியில் பரிசல் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு தெரியும். ஆற்றின் போக்கில் போனால் சீக்கிரம் சேரலாம். எதிர்த்துப் போனால் நேரமாகும். அந்த இரண்டு நேரத்தையும் வைத்து நீரின் வேகத்தைச் சொல்லிவிடலாம். ஒலியும் அப்படித்தான்.

20 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் செல்லும். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் போக்கில் போகும் ஒலி 348 மீட்டர் வேகத்தில் போகும். எதிர்த்து வரும் ஒலி 338 மீட்டர் வேகத்தில் வரும். ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்தால் 10. அதைப் பாதியாக்கினால் 5. இதுவே காற்றின் வேகம்.

இதில் ஒரு வசதி உண்டு. வெயில் ஏறினால் ஒலியின் வேகமும் ஏறும். ஆனால் போகும் ஒலிக்கும் வரும் ஒலிக்கும் அது சமமாக ஏறுவதால், கழிக்கும்போது அடிபட்டுப் போகிறது. ஆகவே, அதிகாலைக் குளிரிலும் உச்சி வெயிலிலும் கணக்கு மாறாது.

இன்னொரு ஜோடி முனைகளைக் குறுக்காக வைத்தால் காற்றின் திசையும் கிடைத்துவிடும். சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் தேய்மானமும் இல்லை.

அளவு எல்லை என்றால் என்ன?

ஒரு சென்சார் மிகக் குறைந்தது எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு அளக்கும் என்பதே அதன் அளவு எல்லை. பரவலாக விற்கும் அல்ட்ராசோனிக் சென்சார்களில் மேல் எல்லை வினாடிக்கு 60 மீட்டர், அதாவது மணிக்கு 216 கிலோமீட்டர் வரை இருக்கும். விலை குறைந்தவற்றில் இது 30 அல்லது 40 மீட்டரோடு நின்றுவிடலாம். சென்சார் காட்டும் எண்ணை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும்.

விவசாயிக்கு இரண்டு முனையும் முக்கியம். மருந்து தெளிக்கக் கீழ் எல்லை வேண்டும். புயல் நாளில் மேல் எல்லை வேண்டும்.

கீழ் எல்லை ஏன் முக்கியம்?

காற்று துளியும் இல்லாத அதிகாலைதான் மருந்தடிக்க நல்ல நேரம் என்று பலர் நினைக்கிறோம். மலைப் பள்ளங்களில் இது ஆபத்து. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி நிற்கும். அதன் மேல் சூடான காற்று மூடிபோல் இருக்கும. அப்போது தெளித்தால் நுண்துளிகள் மேலே கலைந்து போகாமல், பனிமூட்டம்போல் மிதந்து, பள்ளத்தின் வழியே அடுத்த தோட்டத்துக்கோ ஓடைக்கோ தேனீப் பெட்டிக்கோ போய்ச் சேரும்.

பொதுவாக மணிக்கு 3 முதல் 15 கிலோமீட்டர் வரை, ஒரே திசையில் வீசும் காற்று தெளிப்புக்கு ஏற்றது. கைத்தெளிப்பானுக்கு 10-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. காற்று 1 கிலோமீட்டரா 4 கிலோமீட்டரா என்று பிரித்துச் சொல்ல, பழைய கிண்ணக் கருவியால் முடியாது. அல்ட்ராசோனிக் சென்சாரால் முடியும்.

ஆனால் அதற்கு மிக நுட்பமான கடிகாரம் வேண்டும். முனைகளுக்கு இடையே 15 சென்டிமீட்டர் தூரம் என்றால், ஒலி கடக்க ஆகும் நேரம் 437 மைக்ரோ வினாடி. ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ வினாடி. காற்றின் வேகம் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் மாறினால் இந்த நேரம் 0.13 மைக்ரோ வினாடிதான் மாறும். இதைப் பிடிக்க, ஒரே அளவைப் பலமுறை எடுத்துச் சராசரி காண்கிறார்கள். முனைகளின் இடைவெளியைக் கூட்டினாலும் மெல்லிய காற்று தெளிவாகத் தெரியும்.

மேல் எல்லையில் வரும் நான்கு சிக்கல்கள்

இடைவெளியைக் கூட்டுவது பலத்த காற்றில் எதிராக வேலை செய்கிறது.

1. அலை எண்ணிக்கை தவறுதல்: 40,000 அதிர்வுள்ள ஒலியில் ஓர் அலையின் நேரம் 25 மைக்ரோ வினாடி. அலை முன்னே வந்ததா பின்னே வந்ததா என்பதை மட்டும் பார்க்கும் எளிய சென்சாரில், நேரம் அரை அலைக்கு மேல், அதாவது 12.5 மைக்ரோ வினாடிக்கு மேல் நகர்ந்தால், எந்த அலை எது என்று குழம்பிவிடும். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் மணிக்கு 35 கிலோமீட்டர் காற்றிலேயே இந்தக் குழப்பம் வந்துவிடும். ஆடிக் காற்றில் இது சாதாரண வேகம்.

2. ஒலி விலகுதல்: குறுக்கே வீசும் காற்று ஒலியைத் தள்ளிக்கொண்டு போகும். வினாடிக்கு 60 மீட்டர் காற்றில், 15 சென்டிமீட்டர் கடப்பதற்குள் ஒலி 2.6 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். முனையின் அகலமே ஒரு சென்டிமீட்டர் என்றால், ஒலியின் பெரும்பகுதி முனையைத் தவறவிட்டுவிடும்.

3. முனையின் நிழல்: மரத்துக்குப் பின்னால் காற்று குறைவதுபோல, முனைக்குப் பின்னாலும் காற்று குறையும், சுழலும். ஒலி அந்தப் பகுதி வழியே போவதால், உண்மையைவிடக் குறைந்த வேகம் பதிவாகும்.

4. இரைச்சலும் மழையும்: பலத்த காற்று சென்சாரில் மோதும்போதே இரைச்சல் உண்டாகும். மழைத்துளி முனையில் ஒட்டினால் ஒலி தடைபடும். புயலில் இரண்டும் சேர்ந்தே வரும்.

எல்லையை எப்படிக் கூட்டுகிறார்கள்?

முனைகளின் இடைவெளியைக் குறைப்பது முதல் வழி. 10 சென்டிமீட்டராகக் குறைத்தால் குழப்பம் வரும் வேகம் மணிக்கு 35-ல் இருந்து 53 கிலோமீட்டராக ஏறும். ஒலி விலகுவதும் 2.6-ல் இருந்து 1.75 சென்டிமீட்டராகக் குறையும். ஆனால் அதே அளவுக்கு மெல்லிய காற்றைப் பிடிக்கும் நுட்பமும் குறையும். அதை ஈடுகட்டக் கடிகாரத்தை மேம்படுத்த வேண்டும்.

இரண்டாவது வழி, அலையை இரண்டு படியாகப் பார்ப்பது. முதலில் ஒலித்துடிப்பு மொத்தமாக எப்போது வந்தது என்று தோராயமாகக் கணிப்பார்கள். இதனால் எந்த அலை என்பது தெரிந்துவிடும். பிறகு அந்த அலைக்குள் நுட்பமாக அளப்பார்கள். தராசில் முதலில் கிலோ கல்லையும் பிறகு கிராம் கல்லையும் வைப்பதுபோல. இதையே இரண்டு வேறு அதிர்வுகளைப் பயன்படுத்தியோ, இரைச்சலில் அடையாளம் தெரியும்படி ஒலிக்கு ஒரு தனி வடிவம் கொடுத்தோ செய்வதும் உண்டு.

மூன்றாவது வழி, முனைகளின் அமைப்பு. முனைகளை மெலிதாக்கி, காற்று வழுக்கிப் போகும் வடிவில் செய்கிறார்கள். மூன்று முனைகளை முக்கோணமாக வைத்தால் மூன்று பாதைகள் கிடைக்கும். எந்தப் பாதையில் நிழல் விழுகிறதோ அதை விட்டுவிட்டு மற்ற இரண்டை எடுத்துக்கொள்ளலாம். மிச்சமுள்ள பிழையைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, ஒவ்வொரு திசைக்கும் அளந்து, சென்சாரின் நினைவகத்தில் திருத்தமாக ஏற்றிவிடுகிறார்கள்.

நான்காவது வழி, ஒலியை ஒரு சிறிய குழிக்குள் மேலும் கீழும் எதிரொலிக்க வைத்து அளப்பது. இவ்வகை சென்சார் சிறியது, உறுதியானது. காற்றாலைகளின் உச்சியில் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

மழைக்கு, தண்ணீர் ஒட்டாத முனைகள், கீழ்நோக்கிய முனைகள் எனப் பல ஏற்பாடுகள் உண்டு. பனி உறையும் நாடுகளில் சென்சாருக்குள் ஹீட்டரும் வைப்பார்கள். கொல்லிமலையில் பனி உறைவதில்லை. ஹீட்டர் அதிக மின்சாரம் எடுக்கும் என்பதால், சோலார் பலகையில் ஓடும் நிலையத்துக்கு அது சுமைதான். இங்கே நமக்குத் தேவை, மூடுபனியும் சாரலும் முனையில் தங்காத வடிவமைப்பு.

சென்சார் நன்றாக இருந்தும் பதிவு தவறலாம்

இதைக் காப்பீடு செய்யும் விவசாயிகள் அவசியம் கவனிக்க வேண்டும். சென்சார் 60 மீட்டர் வரை அளக்கக்கூடியதாக இருக்கும். ஆனால் அதோடு இணைந்த டேட்டா லாகரில் மேல் எல்லையை 30 மீட்டர் என்று அமைத்திருப்பார்கள். அப்போது காற்று 30-ஐத் தாண்டினாலும் 30 என்றே பதிவாகும்.

ஆகவே, சூறைக்காற்று வீசிய நாளின் பதிவைக் கேட்டு வாங்கினால் இரண்டைப் பாருங்கள்.

• உச்ச வேகம் பலமுறை ஒரே எண்ணாக, மேல்பகுதி தட்டையாக வந்திருந்தால், எல்லை முட்டிவிட்டது என்று சந்தேகப்படலாம்.
• காற்று உச்சத்தில் இருந்த நேரத்தில் மட்டும் பதிவு விடுபட்டிருந்தால், சென்சார் ஒலியைப் பிடிக்க முடியாமல் தவறியிருக்கலாம். விடுபட்ட நேரத்தைப் பூஜ்யம் என்று எடுத்துச் சராசரி போடுவது தவறு.

வேகத்தில் சிறு பிழை என்று விட்டுவிடக் கூடாது. காற்று மரத்தைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 30 கிலோமீட்டர் காற்று 60 ஆனால் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பகுதியில் கரை கடந்த கஜா புயல், டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு, உள்மாவட்டங்களைக் கடந்து கேரளா வரை போனது. கடலோரம் மட்டும்தான் புயல் எல்லை என்று மலைக்காரர்களும் இருந்துவிட முடியாது.

எந்த உயரத்தில், எத்தனை நிமிடச் சராசரி?

வானிலைத் துறையின் கணக்கில் காற்றைத் தரையில் இருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். பாசன நீர்த் தேவையைக் கணக்கிட 2 மீட்டர் உயரக் காற்று வேண்டும். புல்வெளி போன்ற திறந்த இடத்தில் 10 மீட்டர் உயர வேகத்தை 0.75-ஆல் பெருக்கினால் 2 மீட்டர் உயர வேகம் ஏறத்தாழக் கிடைக்கும். மேலே 20 கிலோமீட்டர் என்றால் கீழே 15.

அதுபோல, 10 நிமிடச் சராசரி வேறு, 3 வினாடி உச்ச வீச்சு வேறு. வாழையை முறிப்பது பெரும்பாலும் அந்த உச்ச வீச்சுதான். காப்பீட்டு ஒப்பந்தத்தில் எந்த வேகம் எழுதப்பட்டுள்ளது, எந்த உயரத்தில், எந்த நிலையத்தில் அளந்தது என்று பிரீமியம் கட்டும் முன்பே கேளுங்கள். செம்மேட்டில் உள்ள பதிவு, வளப்பூர் நாட்டிலோ சேளூர் நாட்டிலோ மேட்டு முகட்டில் உள்ள தோட்டத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

சென்சார் வைப்பவர்கள் செய்ய வேண்டியவை

தனி ஒருவர் இதை வாங்குவது செலவு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமோ, குழுவாகவோ ஒன்று வைக்கலாம்.

• மரம், கட்டடம் ஆகியவற்றின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். சில்வர் ஓக் வரிசைக்குப் பக்கத்தில் வைத்தால் மரத்தின் நிழல் காற்றைத்தான் அளப்பீர்கள்.
• கம்பம் செங்குத்தாக இருக்க வேண்டும். சென்சாரில் உள்ள வடக்குக் குறியை வடக்கு நோக்கிச் சரியாக வையுங்கள்.
• இடிதாங்கியும் நல்ல எர்த்தும் கட்டாயம்.
• மாதம் ஒருமுறை சிலந்தி வலை, பூச்சிக் கூடு ஆகியவற்றை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். பெட்ரோல், தின்னர் போன்றவை கூடாது. முனையைக் கையால் அழுத்தவோ திருகவோ கூடாது.
• பருவமழைக்கு முன் ஒருமுறை, காற்று புகாத பெட்டியால் சென்சாரை மூடிப் பாருங்கள். பெட்டி முனைகளில் படக்கூடாது. அளவு பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் விற்றவரிடம் சொல்லிச் சரிபார்க்கச் செய்யுங்கள்.
• வாங்கும்போது அளவு எல்லை, மழையில் அளக்கும் திறன், காற்றுச் சுரங்கச் சோதனைச் சான்று ஆகிய மூன்றையும் கேளுங்கள். லாகரின் மேல் எல்லை சென்சாரின் எல்லைக்குச் சமமாக அமைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

சென்சார் இல்லாதவர்களுக்கு

மரமே ஒரு காற்றுமானிதான். இலைகள் சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19. புழுதி கிளம்பி, சிறு கிளைகள் ஆடினால் 20 முதல் 28. சிறு மரங்கள் அசைந்தால் 29 முதல் 38. பெரிய கிளைகள் ஆடினால் 39 முதல் 49. மரம் முழுவதும் ஆடி, எதிர்த்து நடக்கச் சிரமமானால் 50 முதல் 61. இலை சலசலக்கும் நிலையைத் தாண்டினால் மருந்துத் தெளிப்பைத் தள்ளிப்போடுவதே நல்லது.

செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையிலும், 'மேகதூத்' செயலியிலும் காற்றின் வேகமும் திசையும் இருக்கும். அவற்றைப் பார்த்து, பலத்த காற்றுக்கு முன்பே குலை தள்ளிய வாழைக்கு மூங்கில் முட்டுக் கொடுத்து, அடிமரத்துக்கு மண் அணையுங்கள். மிளகு படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே கழித்துவிடுங்கள். காற்று மோதும் பரப்பு குறைந்தால் மரம் முறிவதும் குறையும், கொடியும் தப்பும்.

சூறைக்காற்றில் சேதம் ஏற்பட்டால், சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தும் முன் தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அன்றைய காற்றுப் பதிவை எழுத்து மூலம் கேளுங்கள். நிலையத்தின் பதிவில் எல்லை முட்டியதோ இடைவெளி விழுந்ததோ தெரிந்தால், அதைக் குறிப்பிட்டு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.